மிச்சம் இருபத்தொரு நிமிடம்

ஜூன் 12

அக்காவுக்கு,

பம்பரம் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், சாப்பிடுகிறேன், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். ஒழுங்கு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள். உன் இடது காதில் அந்த ரீங்காரம் குறைந்ததா?

என்னடா, திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அனுப்புவதெல்லாம் நானூறு செய்திக்கு அடியில் போய்ப் புதைந்துவிடுகிறது. காகிதம் என்றால் மேஜையில் கிடந்து கண்ணை உறுத்தும், என்றைக்காவது படித்துவிடுவேன். தவிர, இந்த உறைக்குள் ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கிறேன். விடுதி இணையத்தில் ஒரு போட்டோ போய்ச் சேர்வதற்குள் எனக்கு நரைத்துவிடும்.

விஷயம் இதுதான். போன வருஷம் கல்லூரி மருத்துவர் எனக்கு ஏடிஎச்டி, கவனக்குறைபாடு என்று எழுதிக் கொடுத்தாரே, அதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருபது வருஷம் எல்லோரும் என்னைச் சோம்பேறி என்றார்கள், நானும் நம்பினேன். இந்தக் கல்லூரியில் என்னை மாதிரி எத்தனை பேர் தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டு திரிகிறார்களோ. அவர்களுக்காக ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்துவிட்டேன். பெயர் ‘கவனம் எங்கே?’ ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லா ஆசிரியர்களும் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதானே.

நூலகத்துக்குப் பின்னால் உடைந்த நாற்காலி போடும் அறையைக் கொடுத்திருக்கிறார்கள். பழைய மெத்தைகளைச் சுவரில் சாத்தி எதிரொலியை அடக்கியிருக்கிறேன். முதல் பகுதியை நானே பேசினேன், முப்பத்தெட்டு நிமிடம். ஆனால் பேசியதை உட்கார்ந்து கேட்க என்னால் முடியவில்லை. நாலாவது நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறேன். உன் தொழிலே வெட்டி ஒட்டுவதுதானே. எனக்காகச் செய்வாயா?

அம்மாவிடம் மாத்திரை விஷயம் மூச்சு விடாதே. அவள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

உன் தம்பி,
பம்பரம்


ஜூன் 21

என் பம்பரத்துக்கு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். முழங்காலுக்குப் புதுத் தைலம் வாங்கியிருக்கிறாள். வீடு முழுக்க அந்த வாடைதான். என் காது அப்படியேதான் இருக்கிறது. மருத்துவர் ஹெட்போனைக் கழற்றி வை என்கிறார். கழற்றி வைத்தால் சோறு யார் போடுவது என்று கேட்க வாய் வரை வந்தது.

முழுவதும் கேட்டேன். பதினைந்து நிமிடமாக ஆக்கியிருக்கிறேன். ஜன்னல் விளிம்பில் வந்து உட்கார்ந்த புறாவைப் பற்றி ஆறு நிமிடம் பேசியிருக்கிறாயே, அது எதற்கு? வாலை ஒட்ட நறுக்கிவிட்டேன். ஆரம்பித்த வாக்கியத்தை விட்டுவிட்டு வேறெங்கோ போகிறாய் பார், அந்த இடங்களையும் எடுத்துவிட்டேன். இப்போது நீ பேசுவதைக் கேட்டால் செய்தி வாசிப்பவர் தோற்றார்.

எங்கள் கம்பெனியில் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறார்கள். மூச்சு, உதட்டுச் சத்தம், நாற்காலி முனகல் எல்லாவற்றையும் நான் துடைக்க வேண்டும். முதல் நாளே ஒரு விதி சொல்லிக் கொடுத்தார்கள்: இரண்டு நொடிக்கு மேல் மௌனம் இருந்தால் வெட்டு, இல்லாவிட்டால் கேட்கிறவர் அணைத்துவிடுவார். உன்னுடையதிலும் அதையே செய்திருக்கிறேன். இன்னொரு விதியும் உண்டு. மூலப் பதிவைத் தொடக் கூடாது, நகலில்தான் வெட்ட வேண்டும். மூலத்தை அழிப்பது எங்கள் தொழிலில் பாவம். அதனால் உன் புறா என்னிடம் பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே.

கார்டை இத்துடன் அனுப்புகிறேன். அடுத்ததைப் பேசி அனுப்பு. வாரத்துக்கு ஏழு நாள் உண்டு என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

உன் அக்கா


ஜூலை 19

அக்காவுக்கு,

உடம்பு தேவலை. ஜலதோஷம் வந்து போய்விட்டது. உன் காதும் அப்படி வந்து போகிற ரகமாக இருக்கக் கூடாதா?

நாலு பகுதி வெளியாகிவிட்டது. முதலாவதை நாற்பது பேர் கேட்டார்கள், நாலாவதைத் தொள்ளாயிரம் பேர். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேதியியல் படிக்கும் ஒரு பெண் அறை வாசலில் வந்து நின்று, “எங்க வீட்ல எல்லாரும் திமிருன்னு சொல்றாங்க, இதுக்கு ஒரு பேரு இருக்குன்னு எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு அழுதாள். மருத்துவரிடம் அனுப்பினேன். இதுவரை பதினோரு பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் ஆரம்பித்து நடுவில் விடாத முதல் காரியம் இது.

ஒன்று மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. நேற்று கேன்டீனில் ஒருத்தன், “உனக்கு நெஜமாவே அது இருக்கா? இவ்ளோ கோர்வையா பேசுறியே, சும்மா கதை விடாதே” என்றான். சிரித்துச் சமாளித்தேன். அறைக்கு வந்து நானும் கொஞ்சம் கேட்டுப் பார்த்தேன். அக்கா, அது நானா? நான் இப்படிப் பேசி நானே பார்த்ததில்லை.

அடுத்து, என்னைப் போல் உள்ளவர்களையே கூப்பிட்டுப் பேசவைக்கப் போகிறேன். யாரும் சொந்தப் பெயர் சொல்ல வேண்டியதில்லை, ஆளுக்கொரு புனைபெயர். முதலில் ஒரு இரண்டாம் வருஷப் பையன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். வகுப்பில் எப்போதும் ஜன்னல் பக்கம் உட்காருவானாம், அதனால் ‘ஜன்னலோரம்’ என்று பெயர் வைத்துக்கொண்டான்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

பம்பரம்


ஜூலை 28

பம்பரத்துக்கு,

ஜலதோஷம் போனதில் சந்தோஷம். இங்கே எல்லோரும் ஒருவிதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

கேன்டீனில் பேசியவனை எல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே. அது நீதான். நீ சொன்ன வார்த்தைகள்தான், நான் ஒன்றும் சேர்க்கவில்லை. இடையில் இருந்த குப்பையைத்தான் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் உன் கையெழுத்தில் வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தவள் நான். இது அதைவிடச் சுலபம்.

அம்மாவுக்கு மூன்றாவது பகுதியைப் போட்டுக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் என்ன சொன்னாள் தெரியுமா? “என் பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு நான்தான் அப்பவே சொன்னேனே. எப்படிப் பேசுறான் பாரு.” நான் அடுத்த பகுதியைப் போட்டேன்.

வருகிற பையனை நிறையப் பேசவிடு. நீ குறுக்கே பாயாதே. கேள்விகளைக் காகிதத்தில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேள், அப்போதுதான் தடம் மாறாமல் இருப்பாய். வெளியே போகும்போது குடையை மறக்காதே. மறந்தால் நனையாமல் இரு.

அக்கா


ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், அவசரத்திலும் இருக்கிறேன். உன் காதைப் பற்றி அடுத்த கடிதத்தில் விரிவாக விசாரிக்கிறேன்.

ஜன்னலோரம் வந்து பேசிவிட்டுப் போனான். நாற்பது நிமிடம். தேறாத பாடம் நாலு வைத்திருக்கிறான். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு வந்தான், தண்ணீர் குடிக்கத் தன் டம்ளரையே கொண்டு வந்தான். பஸ் டிக்கெட்டை மடித்து மடித்து அரிசி அளவுக்கு ஆக்கிவிட்டான். எனக்கும் அதே பழக்கம் உண்டு, அதனால் அவனைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவனுடைய அம்மா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாராம். பாட்காஸ்டில் பேசப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தானாம்.

நீ சொன்னபடி பத்துக் கேள்வி எழுதி வைத்திருந்தேன். நடுவில் கொஞ்சம் கவனம் போய்விட்டது. ஒலி அளவைக் காட்டும் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நீ பார்த்துச் சரி செய்துவிடு. செப்டம்பர் முதல் வாரம் தேர்வு தொடங்குகிறது, அதற்கு முன் வெளியிட வேண்டும்.

அம்மாவுக்கும் உனக்கும் அன்பு.

பம்பரம்


ஆகஸ்ட் 23

பம்பரத்துக்கு,

நலம். அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் இருந்து இறங்கிவிட்டது.

பத்தொன்பது நிமிடமாக வந்திருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. வெளியிடு.

அந்தப் பையனுக்குப் படிப்பு முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? விடுதியில் தனியாகவா இருக்கிறான்? முடிந்தால் ஒரு தடவை போய்ப் பார்த்து ஒரு டீ வாங்கிக் கொடு. சும்மாதான் கேட்கிறேன். குரல் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

உன் தேர்வுக்கு நேரத்தோடு எழுந்திரு. மாத்திரை.

அக்கா


செப்டம்பர் 20

அக்கா,

நலம் விசாரித்து எழுத எனக்குத் தெம்பில்லை. நீயும் அம்மாவும் நன்றாக இருக்க வேண்டும்.

ஜன்னலோரம் இறந்துவிட்டான். சாவைத் தானாகவே தேடிக்கொண்டான். பகுதி வெளியாகி ஒன்பதாம் நாள், முதல் தேர்வு அன்று காலை. எப்படி என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை.

கல்லூரி முழுக்க இப்போது அந்தப் பத்தொன்பது நிமிடத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: “நல்லாத்தானே பேசுனான்.” அவன் துறைத்தலைவர் சொன்னார், விடுதிக் காப்பாளர் சொன்னார், பக்கத்து அறைக்காரன் சொன்னான். “தெளிவா, சிரிச்சுக்கிட்டு, நல்லாத்தானே பேசுனான்.”

நீ டீ வாங்கிக் கொடு என்று எழுதியிருந்தாய். கடிதம் மேஜையில்தான் கிடந்தது. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஒரு வாரம் ஓடிவிட்டது. அவன் அறை என் அறையிலிருந்து இரண்டு மாடி கீழே. இரண்டு மாடி, அக்கா.

அவனுக்கு எதிரில் ஒரு கை தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவன் ஏதாவது சொன்னானா? சொல்லியிருந்தால் அப்போது நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேனா? எவ்வளவு யோசித்தாலும் எனக்குப் பச்சையும் மஞ்சளும்தான் ஞாபகம் வருகிறது. நாற்பது நிமிடத்தையும் முழுதாகக் கேட்டவள் நீ ஒருத்திதான். அதில் ஏதாவது இருந்ததா? இருந்தது என்றாலும் சொல், இல்லை என்றாலும் சொல். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு.

பம்பரம்


அக்டோபர் 18

என் தம்பிக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். எங்களை நினைத்துக் கவலைப்படாதே.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளை அடித்தோம், சாமானையெல்லாம் ஒதுக்கி வைத்ததில் பேனா, காகிதம் எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. முன்னறைக்கு இளநீலம், சமையலறைக்கு அதே பழைய மஞ்சள். அம்மாவுக்கு நீலம் பிடிக்கவில்லை, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்கிறாள். காது மருத்துவர் ஒரு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். கம்பெனியில் இரண்டு பெரிய புத்தகங்கள் ஒரே சமயத்தில் வந்துவிட்டன.

நீ கேட்டதற்கு. அதில் ஒன்றும் இல்லை. இருமல், நாற்காலிச் சத்தம், இடையில் சும்மா இருந்த நேரம், அவ்வளவுதான் நான் வெட்டினேன். மூலப் பதிவு இப்போது என்னிடம் இல்லை, இடம் போதாமல் அழித்துவிட்டேன். நீ உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே. யார் நினைத்தாலும் தடுத்திருக்க முடியாது.

கொஞ்ச நாளைக்கு அந்தப் பாட்காஸ்டை மூட்டை கட்டி வை. வகுப்புக்குப் போ. சாப்பிடு. மாத்திரையை விடாதே. லீவு கிடைத்தால் வீட்டுக்கு வா, உன் கட்டில் அப்படியே இருக்கிறது.

அக்கா


நவம்பர் 9

அக்கா,

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டால், இருக்கிறேன். மூன்று வாரமாக வகுப்புக்குப் போகவில்லை. மாத்திரை போடவில்லை. அதைப் போட்டால் கவனம் வந்துவிடும், வந்தால் அவன் ஞாபகம் மட்டும்தான் வரும். உன் காதுக்குச் சொட்டு மருந்து கேட்கிறதா?

நேற்று அவனுடைய அம்மா வந்திருந்தார். கையெல்லாம் இஸ்திரிச் சூட்டுத் தழும்பு. சுவரில் சாத்தியிருந்த மெத்தையைத் தடவிப் பார்த்துவிட்டு, அவன் உட்கார்ந்த நாற்காலி எது என்று கேட்டு அதிலேயே உட்கார்ந்தார். போனை எடுத்து, நாம் வெளியிட்டதைக் காட்டினார்.

“நாப்பது நிமிஷம் பேசினேம்மான்னு எங்கிட்ட சொன்னான் தம்பி. இதுல பத்தொம்பதுதான் இருக்கு. மிச்சம் இருபத்தொரு நிமிஷம் எங்கப்பா?”

அழிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் சந்தேகப்படவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “இருமலா இருந்தாலும் பரவால்ல. தொண்டையைச் செருமினாலும் பரவால்ல. வீட்ல அவன் குரல் வேற எதுலயும் இல்லப்பா” என்றார். டிசம்பர் முதல் தேதி சம்பள லீவு எடுத்துக்கொண்டு மறுபடி வருகிறாராம், ஒருவேளை எங்காவது ஒரு மூலையில் கிடைத்தால் என்று.

அவர் போன பிறகு உன் ஜூன் மாதக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். நான் ஒரு காகிதத்தைத் தேடி எடுப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்று உனக்குத் தெரியும். ‘மூலத்தை அழிப்பது எங்கள் தொழிலில் பாவம்’ என்று எழுதியிருக்கிறாய். ஆறு நிமிடப் புறாவைப் பத்திரமாக வைத்திருக்கிறவள் செத்துப்போன பையனின் குரலையா அழிப்பாய்? அப்புறம், எனக்கு எழுதிய கடிதத்தில் முக்கால் பக்கம் சுவருக்கு என்ன வண்ணம் என்று எழுதியிருக்கிறாய். நீ பொய் சொல்லும்போதுதான் இவ்வளவு விவரம் சொல்வாய். சின்ன வயதில் என்னைக் காப்பாற்ற நீ அம்மாவிடம் சொன்ன பொய்யெல்லாம் நான் பக்கத்தில் நின்று கேட்டவன்தானே.

அனுப்பு, அக்கா. எனக்காக வேண்டாம், அந்த அம்மாவுக்காக அனுப்பு.

பம்பரம்


நவம்பர் 21

பம்பரத்துக்கு,

அம்மா நலம். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கார்டு உறைக்குள் இருக்கிறது. நாற்பது நிமிடமும் இருக்கிறது. அதைக் கேட்கும் முன் இதைப் படி. அறையில் தனியாக இருந்து கேட்காதே.

இருபத்தேழாவது நிமிடம். உன் காகிதத்தில் ஏழாவது கேள்வி. “உனக்கு உதவிக்குன்னு யாரு இருக்கா?” என்று கேட்கிறாய். அவன் ஐம்பத்தொரு நொடி பேசவில்லை. பிறகு மெல்லச் சொல்கிறான்: “யாரும் இல்லண்ணா. உங்க பாட்காஸ்ட் கேட்டப்போ, உங்களுக்கு இருக்கிறதுதான் எனக்கும்னு சந்தோஷப்பட்டேன். ஆனா நீங்க ஒரு வார்த்தைகூட தடுமாறாம பேசுறீங்க. அப்ப எனக்கு இருக்கிறது வேற ஏதோ போல. பரவால்ல. இன்னும் கொஞ்ச நாள்தான்.”

அதற்கு நீ, “சூப்பர். அடுத்த கேள்வி. பரீட்சைக்கு எப்படித் தயாராகுற?” என்கிறாய்.

அவன் லேசாகச் சிரிக்கிறான். சிரித்துவிட்டு அதற்குப் பதில் சொல்கிறான்.

நான் அதைக் கேட்டேன். ஒரு தடவை அல்ல, வெட்ட வேண்டிய இடத்தைக் குறிப்பதற்காக நாலு தடவை கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் என்றால் படிப்பு முடிய என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. என் கண்ணெல்லாம் உன் ‘சூப்பர்’ மேல்தான். அது வெளியே போனால் கல்லூரியே உன்னைப் பார்த்துச் சிரிக்கும், எதிரில் இருக்கிறவன் பேசுவதைக்கூடக் கேட்காதவன் பாட்காஸ்ட் நடத்துகிறான் பார் என்பார்கள் என்று பயந்தேன். உன்னைக் காப்பாற்றத்தான் கேள்வியிலிருந்து சிரிப்பு வரை மொத்தமாக எடுத்தேன். அந்தப் பையனைப் பற்றி எனக்கு வந்த சந்தேகத்தை ‘சும்மாதான் கேட்கிறேன்’ என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டேன். போனை எடுத்துக் கல்லூரிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செய்யவில்லை.

பிறகு நீ கேட்டாய். இருந்தது என்றால் உன் ‘சூப்பர்’ உனக்குத் தெரிந்துவிடும். இல்லை என்றால் நான் பொய்க்காரி. பொய்க்காரியாக இருப்பது எனக்குப் பழக்கம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாப் பகுதியிலும் நீ தடம் மாறிய ஒவ்வொரு இடத்தையும் எடுத்தவள் நான். அவனுக்கு எட்டியது நீ இல்லை, நான் துடைத்து வைத்த ஒருத்தன். அவன் தன்னைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அந்த ஒருத்தனோடுதான். இது என் கணக்கில் இருக்கட்டும். உன் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதே.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா


டிசம்பர் 5

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் அதைப் பிரிக்கவில்லை. பிரித்த பிறகு இரண்டு நாள் உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தது என்றால், எழுதினால் காகிதம் கிழிந்துவிடும் என்று எழுதவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டு எழுத எனக்குத் தெரியாது.

கார்டை நான் தனியாகக் கேட்கவில்லை. முதல் தேதி ஜன்னலோரத்தின் அம்மா வந்தார். அவர் உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன், “அம்மா, இதுல உங்களுக்கு வலிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அதுல நானும் இருக்கேன்” என்று. அவர், “போடுப்பா” என்றார்.

இருபத்தேழாவது நிமிடம் வந்தது. என் ‘சூப்பர்’ வந்தது. இவ்வளவு சந்தோஷமான குரலில் நான் அதைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கவே இல்லை. அவர் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

“யாரு இது, சூப்பர்னு சொல்றது?”

“நான்தாம்மா. அவன் சொன்னது என் காதுல விழல.”

அவர் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய பஸ் டிக்கெட்டை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல். “அவன் பேசுறதுக்கு முன்னாடி கொஞ்சம் போடு, சத்தமே இல்லாம இருந்துச்சே, அந்த இடம்” என்றார்.

அந்த ஐம்பத்தொரு நொடியைப் போட்டேன். ஒலியை முழுதாகக் கூட்டச் சொன்னார். கூட்டினால் கேட்கிறது, அக்கா. அவன் மூச்சு விடுகிறான். மூக்கில் லேசாகச் சளி. எச்சில் விழுங்குகிறான். டிக்கெட் மடிகிற சத்தம். அதை ஒன்பது தடவை கேட்டார். மற்ற எதையும் திரும்பக் கேட்கவில்லை. “தூங்கும்போது இப்படித்தான் மூச்சு விடுவான்” என்றார். கார்டை அவருக்கே கொடுத்துவிட்டேன். இதை வெளியிட வேண்டாம், இது என்னுடையது என்று சொல்லிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

எழுந்து கதவு வரைக்கும் போனவர் திரும்பி, “உனக்கும் அவனுக்கு இருந்ததுதானா?” என்று கேட்டார்.

“ஆமாம்மா.”

“உனக்கு யாருப்பா இருக்கா?”

நான் எவ்வளவு நேரம் பேசாமல் நின்றேன் என்று தெரியவில்லை. இரண்டு நொடிக்கு மேல் நிச்சயம் இருக்கும். அவர் போகவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். கடைசியில், “அக்கா இருக்கா” என்றேன். அவர் என் கையைப் பிடித்து மருத்துவர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், வருகிற செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

இந்த உறைக்குள் வேறொரு கார்டு இருக்கிறது. இதில் நான் மட்டும் பேசியிருக்கிறேன், இந்த மூன்று மாதமாக எனக்குள் என்ன ஓடுகிறது என்று. உனக்காகப் பேசியது, வெளியிட அல்ல. அம்மாவும் பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும், மாத்திரை விஷயமும் அதில் வருகிறது. நகல் எடுக்காதே, எதையும் குறிக்காதே, சும்மா உட்கார்ந்து கேள். உன் காது தாங்குகிற அளவுக்கு ஒலியை வைத்துக்கொள்.

நடுவில் ஒரு இடத்தில் ரொம்ப நேரம் நான் பேசவில்லை. அப்போது அணைத்துவிடாதே, அக்கா.

உன் பம்பரம்